சுவருக்குள் பதினொரு படி

1

“அப்போ அவங்க துணியெல்லாம் எங்க காயப் போடுவாங்க?”

இந்தக் கதை பிறந்தது இந்தக் கேள்வியில். கேட்டவள் ஆறு வயது வாண்டு. பதில் தெரியாமல் விழித்தவள் அவளுடைய அத்தை. கதையை எழுதுகிறவளும் அந்த அத்தைதான். (‘நான்’ என்று தொடங்கி இரண்டு பக்கம் எழுதிப் பார்த்தாள். ஒவ்வொரு ‘நானு’க்கும் காது மடல் சூடாகிக்கொண்டே போனது. எல்லாவற்றையும் அடித்துவிட்டு ‘அவள்’ என்று போட்ட பிறகுதான் பேனா ஓடியது. நீங்களும் கண்டுகொள்ளாமல் படித்துவிட்டுப் போங்கள்.)

வாண்டு தட்டின் முன்னால் வாயைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம் அது. நடைவழிச் சுவரின் அடியில், தரையை ஒட்டி, கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. எப்போதோ ஏதோ ஒயர் போன வழி. “அதுக்குள்ள சுண்டுவிரல் உசரத்துல ஆளுங்க இருக்காங்க. நீ சாப்ட்டு எழுந்தாத்தான் அவங்க சாப்பிட உக்காருவாங்க. பாவம், காத்துக்கிட்டு இருக்காங்க.”

அந்த நேரத்துக்குத் தப்பிக்க அத்தை சொன்னது. வாண்டு மளமளவென்று தின்று முடித்தாள். கை கழுவிய ஈரத்தோடு குப்புறப் படுத்து ஓட்டைக்குள் பார்த்தாள். அப்புறம்தான் துணி பற்றிக் கேட்டாள்.

2

மறுநாள் வாண்டு பள்ளிக்கூடம் போனதும் அத்தை கிழிந்த கைக்குட்டை ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டாள். நான்கு சட்டை, ஒரு பாவாடை. ஓட்டைக்குப் பக்கத்தில் இரண்டு குண்டூசி, நடுவில் தையல் நூல். தீக்குச்சியை நீளவாக்கில் பிளந்து கிளிப். ஒரு சட்டையின் முழங்கையில் ஒட்டுப் போட்டாள்.* கடைசியாக, வாண்டு வருகிற நேரம் பார்த்து, விரலை நனைத்து ஒவ்வொரு துணியிலும் ஒரு சொட்டு வைத்தாள்.

(* ஒட்டுப் போடாத சட்டை பொய்ச் சட்டை. உடுத்தித் துவைக்கிறவர்கள் இருந்தால் எங்காவது கிழிந்திருக்கத்தானே வேண்டும்?)

சாயங்காலம் வந்த வாண்டு கத்தவில்லை, குதிக்கவில்லை. ஒரே ஒரு விரலால் ஒரு சட்டையைத் தொட்டாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“அத்தை… ஈரமா இருக்கு.”

அந்த முகத்தை எப்படி எழுதுவது? ‘கண்கள் அகல விரிந்தன’ என்று— வேண்டாம், அது எல்லோருக்கும் விரிகிறது. ‘கோயிலுக்குள் நுழைந்ததுபோல்—’ அதுவும் இல்லை. எழுத வரவில்லை என்று ஒப்புக்கொண்டு மேலே போகிறாள்.

அன்றைக்கு அவள் ஒன்றைக் கற்றுக்கொண்டாள். ஆளைச் செய்து வைத்தால் அது பொம்மை. ஆள் கழற்றிப் போட்ட செருப்பைச் செய்து வைத்தால், எங்கோ ஓர் ஆள் வெறுங்காலோடு நடக்க ஆரம்பித்துவிடுகிறான். ஆகவே அழிரப்பரில் செருப்பு, ஒரு பக்கக் குதிகால் தேய்ந்தது. பற்பசை மூடியில் வாளி, பல் தேய்க்கும் பிரஷ் மயிரில் துடைப்பம். பிறகு ஐஸ் குச்சிகளை அறுத்து ஒரு மாடிப்படி. பதினொரு படிகள். புருவம் திருத்தும் இடுக்கியால் ஓட்டைக்குள் நுழைத்து நிறுத்த இரண்டு மத்தியானம் ஆயிற்று. டார்ச் அடித்துப் பார்த்தால் படி மேலே ஏறி இருட்டுக்குள் போகும். எங்கே போகிறது என்று செய்தவளுக்கே தெரியாது.

அப்புறம் கடிதங்கள். இடது கையால், எறும்பு எழுத்தில். “எங்கள் வீட்டில் இன்று யாருக்கும் சளி இல்லை. உனக்கு?” வாண்டு எழுத்துக் கூட்டிப் படிப்பாள். ச… ளி… சளி! பதிலும் எழுதுவாள்.

அத்தையை ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள். குரல் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதற்கடுத்த நாள் அவளே போகவில்லை, அப்படியே நின்றுபோயிற்று. அதன்பின் ஏழு நோட்டுகள் நிரம்பிப் பெட்டியில் துணிக்கு அடியில் கிடக்கின்றன. அண்ணன் அவளை “ஊமைக்கோட்டான்” என்பான், பாசமாகத்தான். அவள் எழுதிய ஒரு வரியை உலகத்தில் யாராவது படித்தது என்றால், அது அந்தச் சளி விசாரித்த வரிதான்.

3

புதன்கிழமை. அண்ணன் பார்சல் வண்டியை நிறுத்திவிட்டு வந்ததும் வராததுமாய்ச் சுவரைத் தடவிப் பார்த்தான்.

“உள்ள பைப்பு ஒழுகுது. சனிக்கிழமை கொத்தனார் வர்றாராம். இங்கேர்ந்து இங்க வரைக்கும் ஒடச்சாத்தான் ஆகும்.”

‘இங்க’ என்று அவன் விரல் நின்ற இடத்துக்கு நேர்கீழே ஓட்டை.

“ஒடைக்கக் கூடாது!” வாண்டு சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். “ஆளுங்க இருக்கப்போ எப்படிப்பா ஒடைப்பாங்க?”

“எந்த ஆளுங்கடீ?” என்று அண்ணன் தங்கையைப் பார்த்தான். “ஏய் ஊமைக்கோட்டான், இவளுக்கு என்னத்த ஓதி வெச்சிருக்கே? நாளைக்கு எல்லாம் டூப்புன்னு தெரிஞ்சா உன் மூஞ்சியில முழிப்பாளா?”

அந்தக் கேள்வி ஆணிபோல் இறங்கியது. அவளிடம் இருந்தது இரண்டு நாள். வழியும் தெரிந்தது: வெள்ளிக்கிழமை மத்தியானம் ஓட்டையைக் காலி செய்வது, வாசலில் குட்டி மூட்டை ஒன்றும் ஒரு கடிதமும் வைப்பது. ‘வீடு மாறிவிட்டோம்’ என்று. அவ்வளவுதான்.

அவள் செய்தது என்ன? கடிதம் எழுத உட்கார்ந்தாள்.

‘அன்புள்ள பெரியவளுக்கு, நாங்கள் வேறு வீட்டுக்கு—’

‘அழாதே. நாங்கள் எங்கிருந்தாலும்—’ (சினிமா.)

‘உன் அத்தையிடம் சொல்—’ (இது எங்கிருந்து வந்தது?)

ஆறு தடவை எழுதி ஆறு தடவை கிழித்தாள். காலி செய்ய ஐந்து நிமிஷம் போதும். ஆனால் கடிதம் சரியாக வந்தபிறகு காலி செய்யலாம் என்று இருந்துவிட்டாள். எழுதுகிற பைத்தியங்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அழைப்பு மணி அடித்தது.

4

‘கொத்தனார் வந்தார். அவருடைய சிவந்த கண்களில்—’ (கண்கள் சாதாரணமாகத்தான் இருந்தன.)

‘சுத்தியலை ஓங்கிக்கொண்டு எமனைப் போல—’ (பொய். வாசலில் நின்று, “சனிக்கிழம வேற எடத்துல வேல வந்துருச்சும்மா, இன்னைக்கே முடிச்சிரட்டா?” என்றுதான் கேட்டார்.)

முதலில் அவரை வில்லனாகத்தான் எழுதி வைத்திருந்தாள். கதைக்கு வசதி.

அவள் வழிவிட்டாள். ‘அண்ணே, அங்க மட்டும்—’ என்று மனசுக்குள் மூன்று முறை சொன்னாள். வாயில் ஒரு முறையும் வரவில்லை. உளி வைத்தார். முதல் அடி. அவள் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டாள். நான்காவது அடியில் ஒரு பாளம் பூச்சு பெயர்ந்து விழுந்தது.

சத்தம் நின்றுவிட்டது.

எட்டிப் பார்த்தாள். செங்கல்லில் சாய்ந்தபடி பதினொரு படியும் அப்படியே நின்றன. கொத்தனார் முழங்காலிட்டிருந்தார். ஊதினால் சாய்ந்துவிடும் என்று தெரிந்த ஆள். சுண்டுவிரலால் தூசியைத் தள்ளினார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு டேப்பை எடுத்து ஒவ்வொரு படியாக அளந்தார். உண்மையாகவே அளந்தார்.

“படியெல்லாம் ஒரே ஒசரம். எங்க ஆளுங்களே இவ்ளோ சுத்தமா வெக்க மாட்டானுங்க.” டேப்பின் நுனி மேல்படியில் நின்றது. “இது மட்டும் ரெண்டு மில்லி ஏறிப்போச்சே. எறங்குறவங்க தடுக்கி விழுவாங்களேம்மா.”

“குச்சி பத்தல,” என்றாள்.

வெளியாள் ஒருவரிடம் அவள் எத்தனை மாதம் கழித்துப் பேசிய வார்த்தைகள் அவை என்று கணக்கில்லை.

“எனக்கும் செங்கல்லு பத்தாமப் போகும்,” என்றார் அவர். “யாருக்கு இது?”

“அண்ணன் பொண்ணுக்கு. அவளுக்கு… நான்தான்னு தெரியாது.”

அவர் ம் கொட்டினார். படியை இரண்டு கையாலும் எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தார். அதன்பின் மூன்று மணி வரை உடைப்பதும், பைப்பு மாற்றுவதும், பூசுவதும். ஒருமுறை உப்புத்தாளால் எதையோ தேய்க்கும் சத்தம் கேட்டது. அவள் போய்ப் பார்த்தபோது புதுப் பூச்சுக்கு நடுவில் ஓட்டை இருந்தது. அடைக்கவில்லை. ஈரத் தூரிகையால் ஓரம் இழைத்து, மேலே குட்டி வளைவு. உள்ளே படி. மேல்படி இப்போது மற்ற பத்தோடு சமமாக இருந்தது.

வாய் திறந்து நன்றி சொல்லவேண்டும் என்று ஒரு— அதற்குள் வாண்டு வந்துவிட்டாள்.

5

பையைக் கூடக் கழற்றவில்லை. தரையெல்லாம் சிமென்ட், சுவரில் புதுப் பூச்சு. நேராகக் கொத்தனார் முன்னால் போய் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“அங்கிள், உள்ள இருந்தவங்கள என்ன பண்ணீங்க?”

அவர் நிமிர்ந்து அத்தையைப் பார்த்தார். அத்தையின் உள்ளங்கைக்குள் ஏழாவது கடிதம் கசங்கிக்கொண்டிருந்தது.

“அவங்கள நீங்க பாத்தீங்களா இல்லியா? எங்கப்பா எல்லாம் டூப்புங்கிறாரு. உண்மையச் சொல்லணும்!”

இந்த இடத்தில் மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தாயிற்று.

முதலாவதில் அவர், “உங்க அத்தை செஞ்சதும்மா,” என்கிறார். வாண்டு திரும்பிப் பார்க்கிறாள். அந்தப் பக்கத்தை எழுதினவளே கிழித்துவிட்டாள்.

இரண்டாவதில், “பாத்தேனே, நாலு பேரு,” என்கிறார். இனிப்பாக இருக்கிறது. ஆனால் அந்த ஆள் அப்படி அளப்பவர் இல்லை. இரண்டு மில்லியைக் கூட விடாதவர்.

மூன்றாவதில் அத்தையே பேசிவிடுகிறாள். (‘வாண்டு, அது வந்து, நான்—’ இதற்குமேல் ஒரு வரியும் ஓடவில்லை.)

வாண்டு அப்புறம் அத்தையிடம் என்ன கேட்டாள், அத்தை வாய் திறந்தாளா என்பதற்கு ஒரு பக்கம் காலியாக விட்டிருக்கிறாள். உங்களுக்கு வந்தால் எழுதிக்கொள்ளுங்கள். அவளால் சத்தியமாகச் சொல்ல முடிந்தது நடந்த இதைத்தான்:

கொத்தனார் கரண்டியை வாளியில் அலசினார். சாமான்களைப் பையில் போட்டார். காலையிலிருந்து அதே நடைவழியில் திமுதிமுவென்று நடந்த மனிதர், ஓட்டைக்கு முன்னால் வந்ததும் தூக்கின காலைக் கீழே வைக்காமல் நின்றார். தரையைப் பார்த்தார். பையை நெஞ்சோடு அணைத்து, எதிர்ச் சுவரில் முதுகு உரச, பக்கவாட்டில் ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்து, வரிசையாகக் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறவர்களை மிதித்துவிடாமல் கடக்கிறவரைப்போல அந்த இடத்தைத் தாண்டினார். வாண்டு மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவை மெதுவாகச் சாத்திவிட்டு அவர் படியிறங்கிப் போனார்.