ஏழாவது மாடியிலிருந்து அன்னபூர்ணாவுக்கு

பத்ருன்னிசாவுக்குச் சர்க்கரை இருக்கிறதென்று தெரிந்த அன்று டாக்டர் மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டு, "தினமும் நடங்க" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த செய்கு முகம்மது சிரித்துவிட்டார். இருபத்திரண்டு வருஷமாகத் துபாயின் தேராவில் ஏழாவது மாடியில் குடியிருக்கும் தன் மனைவி, கட்டடத்துக்குக் கீழேயே இருக்கும் சூப்பர் மார்க்கெட்டிலிருந்துகூடப் போன் போட்டுத்தான் கொத்தமல்லிக் கட்டு வரவழைப்பாள் என்பது அவருக்குத் தெரியும்.

ஆனால் அவள் நடந்தாள். முதல் வாரம் அல் மம்ஸர் பூங்காவில் அரைச் சுற்று. மூன்றாவது மாதம் நாலு சுற்று. மகள் நஜீஹா சென்னையில் கல்லூரிக்குப் போய்விட்ட பிறகு வீட்டில் காலை நேரம் நீண்டு கிடந்ததால் ஆறு சுற்று. கூட நடக்க மாயாவும் வந்து சேர்ந்தாள். மாயா குருங் நேபாளக்காரி, அதே சூப்பர் மார்க்கெட்டில் கேஷியர், முப்பது வயசு இருக்கும். போனில் கொத்தமல்லி கேட்கும் குரலை இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தவள், ஒரு நாள் பூங்காவில் அதே குரலைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தாள். அப்படித்தான் பழக்கம். இருவருக்கும் பொதுவான பாஷை இந்தி. பத்ருன்னிசாவின் இந்தியில் ஆண்பால் பெண்பால் கிடையாது. மாயா அதைப் பொருட்படுத்தவில்லை; அவளைத் தீதி, அதாவது அக்கா, என்றே கூப்பிட்டாள்.

2008 ஜனவரியில் ஒரு காலை, குளிர்காற்றில் கடலோரமாக நடந்துகொண்டிருந்தபோது மாயா தன் ஊரைப் பற்றிச் சொன்னாள். காந்த்ருக். பஸ் போகாத மலைக் கிராமம். ரோட்டிலிருந்து ஆறு மணி நேரம் ஏற வேண்டும்.

"அதுக்கு மேல என்ன இருக்கு?" என்றாள் பத்ருன்னிசா.

"அதுக்கு மேல அஞ்சு நாள் நடந்தா அன்னபூர்ணா மலையோட அடிவார முகாம். சுத்திலும் பனிமலை, நடுவுல நாம. வெளிநாட்டுக்காரங்க அதைப் பார்க்கத்தான் வருவாங்க."

"பொம்பளைங்க வருவாங்களா?"

"எழுபது வயசு ஜெர்மன்காரி ஒருத்தி எங்க வீட்டுல தங்கிட்டுப் போனா, தீதி. உங்களை மாதிரி வேகமா நடக்கமாட்டா."

அன்று சாயங்காலம் கடையிலிருந்து வந்த கணவருக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, பத்ருன்னிசா நேராகச் சொன்னாள்: "மச்சான், நான் இமயமலைக்குப் போகணும்."

"சாமியாராப் போகப்போறியா?"

"வெளையாட்டு இல்ல. அந்தப் பார்க்கைச் சுத்திச் சுத்தி நடந்து, புறப்பட்ட எடத்துலயே வந்து நிக்கிறேன். ஒரு தடவையாவது நடந்து எங்கயாவது போய்ச் சேரணும்னு இரிக்கி."

செய்கு முகம்மது சிரித்துக்கொண்டே தேத்தண்ணியைக் குடித்தார். ஆனால் அவர் நைஃப் கடைத்தெருவில் பயணப்பெட்டிக் கடை வைத்திருப்பவர். சூட்கேஸ், பயணப் பை, டிராலி. உலகத்தில் எந்தப் பொருளையும் விலை விசாரிக்காமல் விட்டுவிட அவரால் முடியாது. மறுநாளே கடைக் கம்ப்யூட்டரில் தேடி, காத்மாண்டுவில் ஒரு மலைப்பயணக் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பினார். ஆயிரத்து இருநூறு டாலர், ஓர் ஆளுக்கு, என்று பதில் வந்தது. அவருக்கு அப்படியொரு சந்தோஷம். பேரம் பேச ஒரு மலையே கிடைத்துவிட்டதே!

அதற்குப் பிறகு ஒரு மாதம் அந்தக் கம்பெனிக்காரருக்கு நிம்மதி இல்லை. நாங்கள் இந்தியர்கள், விசா வேண்டாம், அந்தக் காசைக் கழியுங்கள் என்று எழுதினார். நாங்கள் மது குடிக்கமாட்டோம், மாமிசம் வேண்டாம், பருப்பும் சோறும் போதும், அதற்குக் கழியுங்கள் என்று எழுதினார். காத்மாண்டுவிலிருந்து மலையடிவார ஊரான பொக்கராவுக்கு விமானம் எதற்கு, பஸ்ஸில் போகிறோம் என்று எழுதினார். ஒன்பதாவது கடிதத்தில் கம்பெனிக்காரர் 'டியர் சார்' என்பதை விட்டு 'டியர் பிரதர்' என்று ஆரம்பித்தார். இதற்கிடையில், 'போகிறாள்' என்பது எப்போது 'போகிறோம்' ஆனது என்று இருவருமே கவனிக்கவில்லை. எந்த நாள் எந்த ஊர், எவ்வளவு உயரம் என்று அச்செடுத்த தாள்கள் ஒரு பச்சைக் கோப்பில் சேர்ந்தன.

பத்ருன்னிசா அந்தக் கோப்பை மாயாவிடம் காட்டினாள். மாயா புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"தீதி, இதுக்குக் கம்பெனி எதுக்கு? வழி முழுக்க தங்குற வீடுங்க இருக்கு. சாப்பாடு அங்கயே கிடைக்கும். அக்டோபர்ல தசைன் பண்டிகைக்கு எனக்கு ஒரு மாசம் லீவு. நானே கூட்டிட்டுப் போறேன். முதல்ல எங்க வீட்டுல தங்கலாம்."

செய்கு முகம்மதுவுக்கு முகம் கொஞ்சம் வாடியது. இன்னும் இரண்டு கடிதத்தில் பாதி விலைக்குக் கொண்டுவந்திருப்பேன் என்றார். ஆனாலும் மரியாதையாக, வேண்டாம் என்று எழுதிப் போட்டார். கம்பெனிக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு நாளில் எவ்வளவு உயரம்தான் ஏறலாம், எந்த ஊரில் ஒரு நாள் தங்கி உடம்பைப் பழக்க வேண்டும் என்று ஒரு பக்கத்துக்கு விவரம் எழுதி, காத்மாண்டு வந்தால் தேநீர் குடிக்க வாருங்கள் என்று முடித்திருந்தார்.

"பாத்தியா," என்றார் செய்கு முகம்மது, "நல்ல மனுசன். இவன்கிட்ட இவ்வளவு பேரம் பேசியிருக்கக் கூடாது."

பயிற்சிக்கு மலை வேண்டுமே? மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்பே காரை எடுத்துக்கொண்டு அல் ஐனுக்குப் போனார்கள். ஜெபல் ஹஃபீத் மலைக்கு உச்சி வரை பன்னிரண்டு கிலோமீட்டர் தார் ரோடு வளைந்து வளைந்து போகிறது. எல்லோரும் காரில் ஏறும் அந்த ரோட்டில் பத்ருன்னிசா, அபாயாவுக்குக் கீழே ஸ்போர்ட்ஸ் ஷூ மாட்டிக்கொண்டு, முதுகில் ஐந்து கிலோ அரிசி வைத்த பையோடு நடக்க ஆரம்பித்தாள். செய்கு முகம்மது அடுத்தடுத்த வளைவில் காரை நிறுத்தித் தண்ணீரோடு காத்திருந்தார்.

ஐந்தாவது வளைவில் போலீஸ் வண்டி வந்து நின்றது. வண்டி பழுதா, மேடம் ஏன் நடந்து போகிறார் என்று அரபியில் கேட்டார் போலீஸ்காரர்.

"மாஃபி முஷ்கில், ஒண்ணும் பிரச்சினை இல்ல," என்றார் செய்கு முகம்மது. "மேடம் மலைக்குப் போறாங்க. இது இல்ல, இதைவிடப் பெரிய மலை."

போலீஸ்காரர் அவரையும் தூரத்தில் ஏறிக்கொண்டிருந்த அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாக அவளை நெருங்கி, ஜன்னல் வழியாக ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டுப் போனார்.

கடைசி இரண்டு கிலோமீட்டர் தானும் நடப்பதாகச் செய்கு முகம்மது இறங்கினார். அரைக் கிலோமீட்டர்கூடத் தாண்டவில்லை. முகம் சிவந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். பத்ருன்னிசா ஓடி வந்தாள். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றார். மூச்சு சீராகக் கால் மணி நேரம் ஆனது. அவள் அவருக்குத் தண்ணீர் குடிக்கக் கொடுத்தாள். கார் சாவியை வாங்கிக்கொண்டு, உச்சியைப் பார்க்காமலேயே வண்டியைக் கீழே இறக்கினாள்.

மறுநாள் இருவரும் டாக்டரிடம் போனார்கள். அவருடைய ரத்த அழுத்தம் நூற்று எழுபதைத் தாண்டி நின்றது. நெஞ்சுக்கு எல்லாச் சோதனையும் எடுத்தார்கள். இதயம் நன்றாகத்தான் இருந்தது. பத்ருன்னிசாவின் சர்க்கரையைப் பார்த்த டாக்டர், "நீங்க தாராளமாப் போகலாம். மெதுவா ஏறுங்க, வேளைக்குச் சாப்பிடுங்க, தலைவலியோ வாந்தியோ வந்தா உடனே எறங்கிடுங்க" என்றார். பிறகு செய்கு முகம்மது பக்கம் திரும்பினார். "மாத்திரை சாப்பிட்டு அழுத்தம் எறங்கட்டும். அப்பவும் ஏழாயிரம், எட்டாயிரம் அடிக்கு மேல உங்களை விடமாட்டேன்."

முகாம் இருப்பது பதிமூன்றாயிரத்து ஐந்நூறு அடியில். செய்கு முகம்மதுவுக்குக் கோப்பைப் பார்க்காமலேயே அது தெரியும்.

வீட்டுக்கு வந்து கோப்பை அலமாரிக்கு மேலே வைத்தார். நாலு நாள் அதை யாரும் கீழே எடுக்கவில்லை. பத்ருன்னிசா காலையில் நடக்கப் போனாள், ஆனால் மூன்று சுற்றோடு திரும்பினாள். "நீங்க இல்லாம நான் மட்டும் எதுக்கு? விட்டுருவோம் மச்சான்," என்றாள். அதை அவள் மனப்பூர்வமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தமாகக் கழுவினாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்தவர், நாற்காலியைப் போட்டு ஏறிக் கோப்பை எடுத்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் படித்தார்.

"பத்ரு, இங்க வா. ஏழாவது நாள் நீ எங்க தங்குறேன்னு எழுதாம வுட்டிரிக்கேன்."

"நானா?"

"பின்ன? மாயா ஊரு ஆறாயிரத்து ஐந்நூறு அடிதான். நான் அங்க உக்காந்துக்கிறேன். நீ அவளோட மேல போயிட்டு வா."

"ஊர்ல என்ன சொல்லுவாங்க?"

"புருசனோட நேபாளம் போனேன்னு சொல்லு. பொய்யில்லையே." அவர் பேனாவைத் திறந்தார். "ஒரு மாசம் அந்த மனுசனோட சண்டை போட்டு அவ்வளவையும் படிச்சிரிக்கேன். யாராவது ஒருத்தர் போயே ஆகணும்."

பத்ருன்னிசாவுக்குக் கண் நிறைந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல், ஏழாவது நாளுக்குத் தெவுராலி என்று எழுதச் சொன்னாள். மாயா சொல்லிக் கொடுத்த பெயர்.

டிக்கெட் கிடைப்பதுதான் அடுத்த பெரிய மலையாக இருந்தது. தசைனுக்கு ஊருக்குப் போகும் நேபாளத் தொழிலாளர்களால் ஷார்ஜாவிலிருந்து போகும் மலிவு விமானங்கள் எல்லாம் ஜூனிலேயே நிரம்பிக்கொண்டிருந்தன. கிடைத்த மூன்று இருக்கைகளும் மூன்று வெவ்வேறு வரிசையில். அடுத்தது குளிர் உடை. கடையில் விற்கும் மலையேற்ற ஜாக்கெட்டின் விலையைக் கேட்டுவிட்டு, செய்கு முகம்மது தன் ஊர்க்காரர் நூஹுவுக்குப் போன் போட்டார். நூஹு ஜெபல் அலியில் ஒரு மீன் குளிர்க் கிடங்கில் மேற்பார்வையாளர். தன்னுடைய பழைய ஃப்ரீசர் ஜாக்கெட்டைத் தருவதாகச் சொன்னவர், "சும்மா வாங்கிட்டுப் போனா எப்படி? உள்ள வந்து போட்டுப் பாக்கட்டும்" என்றார்.

ஆகஸ்ட் மாதம். வெளியே நாற்பத்தாறு டிகிரி. கிடங்குக்குள்ளே மைனஸ் பதினெட்டு. கனத்த நீல ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு இறால் பெட்டிகளுக்கு நடுவே பத்ருன்னிசா அங்குமிங்கும் நடந்தாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே வியர்த்து வழிந்தபடி இரண்டு ஆண்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். பத்து நிமிஷம் கழித்து நூஹு கதவைத் திறந்து, "எப்படி இருக்கு லாத்தா?" என்று அக்கா முறை வைத்துக் கேட்டார்.

"மூக்கு மட்டும் இருக்கான்னு தெரியல. மத்ததெல்லாம் சரியா இரிக்கி."

நோன்புப் பெருநாள் முடிந்த மூன்றாம் நாள் புறப்பட்டார்கள். பொக்கராவில் மலைக்குள் போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். வெளிநாட்டவருக்கு ஒரு கட்டணம். இந்தியா போன்ற பக்கத்து நாட்டுக்காரர்களுக்குப் பத்தில் ஒரு பங்கு. செய்கு முகம்மது சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"துபாய்ல நாம வெளிநாட்டுக்காரங்க. ஊருக்குப் போனா துபாய்க்காரங்க. இங்க வந்துதான் பக்கத்து வீட்டுக்காரன் விலைக்குக் கிடைச்சிரிக்கி," என்றார். ஒரு வார்த்தை பேரம் பேசாமல் அவர் காசு கொடுத்ததைப் பத்ருன்னிசா அன்றுதான் பார்த்தாள்.

காந்த்ருக் வரை அவரும் ஏறினார். மற்றவர்களுக்கு ஆறு மணி நேரம். அவருக்கு ஒன்றரை நாள். மாயாவின் வீட்டில் அவருக்கு வெயில் படும் அறையாகக் கொடுத்தார்கள். மறுநாள் காலை பத்ருன்னிசாவும் மாயாவும் புறப்பட்டபோது, குளுக்கோஸ் பொட்டலம், மாத்திரை, சோதனைக் கருவி என்று அவள் பையை மூன்று முறை பிரித்துச் சரிபார்த்தார்.

மேலே போகப் போக மரங்கள் குறைந்தன, மூச்சும் குறைந்தது. தெவுராலியில் தலை லேசாக வலித்தது. ஒரு நாள் அங்கேயே தங்கினார்கள், வலி போனது. மறுநாள் மத்தியானம், மஞ்சள் புல்லுக்கு நடுவே நாலைந்து தகரக் கூரைகள் தெரிந்தன. அதுதான் முகாம். ஆனால் மேகம் மூடிக் கிடந்தது. மலை எதுவும் தெரியவில்லை.

விடியுமுன், சுபுஹுத் தொழுகை நேரத்தில் எழுந்து வெளியே வந்தாள். கையில் ஊற்றிய தண்ணீர் நெருப்பு மாதிரி சுட்டது. மேற்கே, மக்கா இருக்கும் கிப்லா பக்கம் துணியை விரித்துத் தொழுதாள். சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்து நிமிர்ந்தபோது மேகம் இல்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்த திசை முழுக்க மலைதான். முதலில் சாம்பல் நிறம். பிறகு உச்சியில் மட்டும் ஒரு கோடு சிவந்தது. அது மெதுவாக வழிந்து கீழே இறங்கியது. வாய்விட்டு "யா அல்லாஹ்" என்றாள். பக்கத்தில் வந்து நின்ற மாயா அவள் கையைத் தன் ஜாக்கெட் பைக்குள் இழுத்து வைத்துக்கொண்டாள். இருவரும் அழுதார்கள், பிறகு எதற்கு அழுகிறோம் என்று சிரித்தார்கள்.

இறங்க மூன்று நாள். சோம்ரோங் என்ற ஊருக்கு முன்னால் ஆற்றுப் பாலத்திலிருந்து ஏறத்தாழ இரண்டாயிரம் கல்படிகள் மேலே போகின்றன. முட்டி வலிக்க வலிக்க அந்தப் படிகளில் ஏறிக்கொண்டிருந்தபோது மாயா நின்றாள்.

"தீதி, அங்க பாருங்க."

பாதி வழியில், ஒரு கல்லில், தொப்பி போட்டுக்கொண்டு செய்கு முகம்மது உட்கார்ந்திருந்தார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. காந்த்ருக்கிலிருந்து இரண்டு நாள் நடந்து சோம்ரோங் வந்து, அங்கிருந்து பாதிப் படி இறங்கியிருக்கிறார்.

"மச்சான்! யாரு உங்களை வரச் சொன்னா?"

"சோம்ரோங் ஏழாயிரத்து நூறு அடிதான். டாக்டர் எட்டாயிரம் வரைக்கும் சொன்னாரு," என்றார். "அழுத்தம் பாத்துட்டுத்தான் வந்தேன். ஒவ்வொரு அம்பது படிக்கும் ஒக்காந்து எந்திரிச்சேன்."

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயிலில் மூக்கு உரிந்து, உதடு வெடித்து, ஆள் பாதியாக இளைத்திருந்தாள்.

"சொல்லு," என்றார். "முதல்லேருந்து சொல்லு. ஒண்ணையும் விடக் கூடாது."

"பசிக்குது மச்சான். சோறு சாப்பிட்டுச் சொல்றேன்."

"சரி, ஏறிக்கிட்டே சொல்லு," என்று அவர் அவள் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். ஐம்பது படிக்கு ஒரு தடவை உட்கார்ந்து, மூவரும் மேலே ஏறினார்கள்.