நீக்காமல் விட்ட சாவி

பரிசோதனைக்கூடத்தின் சர்வர் வேறொரு நகரத்தில், பூட்டிய அறையில் இருந்தது. அதைக் கவனித்துக்கொள்பவள் இங்கே, ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில் இருந்தாள். அன்று காலை அவள் செய்த அசட்டுத்தனத்துக்கு இந்தத் தொழிலில் ஈடு கிடையாது. பாஸ்வேர்டு போட்டு நுழையும் வழியை அடைத்தாள். இனி உள்ளே விடும் சாவி என்பது சர்வரின் கோப்பில் ஒட்டிவைக்கும் ஒரு நீண்ட எழுத்து வரி; அதில் தன் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டினாள். அது வேலை செய்கிறதா என்று பார்க்காமலேயே, இருந்த ஒரே இணைப்பையும் மூடினாள். ஒட்டும்போது சாவியின் வரி பாதியில் உடைந்திருந்தது. நீ யாரென்றே தெரியாது என்றுவிட்டது சர்வர்.

பராமரிப்புக்காக, ரத்தப் பரிசோதனை முடிவுகளை அனுப்பும் புரோகிராமையும் நிறுத்தி வைத்திருந்தாள். கீழே ஆபரேஷன் தியேட்டரில் ஒருவர் அந்த முடிவுக்காகப் படுத்திருந்தார்.

சர்வருக்குள் போகக்கூடிய சாவி இன்னும் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அவள் அண்ணனுடையது. அந்த சர்வரை அமைத்தவனே அவன்தான். நோயாளிகளின் விவரங்கள் வெளியே கசிந்தபோது பழி அவன்மேல் விழுந்து வேலை போனது. விசாரணையில் தங்கை தனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை என்று அவன் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டான். அவன் சாவியை நீக்கச் சொன்ன மேலாளரிடம், நீக்கியாயிற்று என்று அவள் வாய் கூசாமல் பொய் சொல்லியிருந்தாள்.

வேறு வழியில்லாமல் அவனுக்கே போன் போட்டாள்.

"என் சாவியத்தான் அன்னைக்கே தூக்கியிருப்பியே," என்றான்.

"இல்லண்ணா. அப்படியேதான் இருக்கு."

மறுமுனையில் கீபோர்டு தட்டும் ஒலி கேட்டது. உள்ளே போய்ப் புரோகிராமை ஓடவிட்டான். அவளுடைய புதிய சாவி வரியை மறுபடி அனுப்பச் சொல்லி வாங்கிச் சேர்த்தான். உடைந்த வரியைப் பார்த்துவிட்டு, முதலில் கண்ணாடியை மாற்று என்று கிண்டல்கூட செய்தான். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவன் குரலில் சிரிப்பு.

"எல்லாரும் கைவிட்டாங்க. நீயாவது என்னை நம்பியிருக்கியேம்மா."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அண்ணன் திரும்பக் கிடைத்துவிடுவான். பொய் அவளுக்குப் புதிதல்ல. ஆனாலும் இவனிடம் சொல்ல வாய் வரவில்லை.

"நம்பலண்ணா. நீ திருட்டுத்தனமா உள்ள வருவியான்னு பாக்கத்தான் விட்டு வச்சேன். தினமும் காலையில அதைத்தான் முதல்ல பாப்பேன். நீ ஒரு தடவைகூட வரல."

"உங்க சாவி வேலை செய்யுதா பாருங்க," என்றான் அவன். தங்கையிடம் அவன் மரியாதை போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

புதிய சாவியால் அவள் சர்வருக்குள் போய்விட்டாள். தியேட்டருக்கு முடிவு போய்ச் சேர்ந்துவிட்டதாகவும் தகவல் வந்தது. அதைச் சொல்லலாமென்று போனை எடுத்தால், அவன் வைத்துவிட்டிருந்தான்.

சாவிகள் இருக்கும் கோப்பைத் திறந்தாள். அவளுடையது மட்டும் இருந்தது. தன்னுடையதை அவனே நீக்கிவிட்டுப் போயிருந்தான்.