கையால் நகர்த்தாத கோடு

ஸ்கேன் அக்காவுக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. கண் ஆஸ்பத்திரியில் பதினோரு வருடமாக விழித்திரையைப் படமெடுப்பவள் என்பதால் அந்தப் பெயர். இன்று கருவியில் தாடையை வைத்து உட்கார்ந்திருந்தவன் அவளுடைய சொந்தத் தம்பி. தச்சன். அப்பாவின் பார்வையைத் தின்ற அதே பரம்பரை நோய் அவனுக்கும். இடக்கண் ஏற்கெனவே கைவிட்டுவிட்டது. மிச்சம் வலக்கண் ஒன்றுதான்.

"பலகை வளைஞ்சிருக்குன்னு கடைக்காரன்கிட்ட சண்டை போட்டு மூணைத் திருப்பி அனுப்பினேன்க்கா. நாலாவதும் வளைஞ்சுது. அப்பதான் உறைச்சுது, கோளாறு கண்ணுலன்னு."

"ஏண்டா உடனே வரல?"

"போன மாசம் நீதானே ஒண்ணுமில்லன்னு சொன்னே?"

அவளுக்குச் சுருக்கென்றது. ஒப்பிட்டுப் பார்க்கப் போன மாதப் படத்தைத் திறந்தாள்.

ஊசியில் சாயம் ஏற்றாமலே ரத்த ஓட்டத்தைக் காட்டும் கருவி அது. விழித்திரையின் அடுக்குகளைத் தானே கோடு போட்டுப் பிரிக்கும். ஆனால் இந்த நோயில் அடியில் மஞ்சள் படிவு மேடுதட்டியிருக்கும். கருவி ஏமாந்து கோட்டைத் தப்பான இடத்தில் போட்டுவிடும். கையால் நகர்த்திப் பார்க்க வேண்டும். புதியவர்களுக்கு இதைத் தொண்டை வற்றச் சொல்லிக்கொடுப்பவளே அவள்தான். அன்று வெளியே கூட்டம் அலைமோதியது. நம்ம தம்பிதானே என்று அப்படியே 'சரி' பொத்தானை அழுத்திவிட்டாள். வேற்றாளாக இருந்தால் அழுத்தியிருப்பாளா?

இப்போது கோட்டை மயிரிழை அளவு கீழே இறக்கினாள். முளைக்கக் கூடாத இடத்தில் வேர்க்கொத்துபோல ரத்தக்குழாய்கள். போன மாதமே இருந்திருக்கின்றன. இன்றைய படத்தில் இரண்டு மடங்காகப் பரவியிருந்தன.

இன்றைய படத்தை மட்டும் டாக்டரிடம் காட்டினால் போதும். பழையதை யாரும் தோண்டப் போவதில்லை. எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். பிறகு தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு டாக்டரம்மா அறைக்குள் நுழைந்தாள்.

"போன மாசமே இருந்திருக்கு டாக்டர். தம்பிதானேன்னு நான் கோட்டை நகர்த்திப் பார்க்கல. என் தப்பு."

டாக்டரம்மா இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்த ரிப்போர்ட்டுல கையெழுத்துப் போட்டவ நான்ம்மா. இன்னைக்கே ஊசி போட்டுடலாம், மேல பரவாம நிறுத்தப் பார்க்கலாம். போன பார்வை எவ்வளவு திரும்பும்னு சொல்ல முடியாது."

வெளியே வந்து தம்பி பெஞ்சில் உட்கார்ந்தான். திட்டித் தீர்த்துவிட்டாலாவது தேவலை என்று அவள் தவித்தாள்.

"நாளைக்குப் பாப்பாவைக் கூட்டிட்டு வரேன்," என்றான். "ஆறு வயசாச்சு. அவளுக்கும் இது வந்திருக்கான்னு தெரியணும். நீதான் படம் எடுக்கணும்."

"நானா? வேற யாரையாவது..."

"நீதான்க்கா. ஆனா அத்தையா உட்கார்ந்து பார்க்காதே. யாரோ பெத்த பிள்ளைன்னு நினைச்சுப் பாரு."