இருபத்திரண்டு கிணறு குளித்த சாவி

தம்மாமில் ஆறு வருஷம் கார் பழுது பார்த்த பர்வேஸ், இனிமேல் சவூதிப் பக்கமே போவதில்லை என்று சொல்லிப் பாம்பனில் கடை போட்டு மூன்று மாதம் ஆகிறது. இந்த மூன்று மாதத்தில் கடைக்கு வந்ததெல்லாம் பெரும்பாலும் பஞ்சர். ராமேஸ்வரத்து டிரைவர்கள் வண்டி மக்கர் செய்தால் வீரமணியிடம்தான் போவார்கள். இருபது வருஷமாகக் கோயில் பக்கத்துப் பார்க்கிங்கில் கடை வைத்திருப்பவர், கைராசிக்காரர். பர்வேஸுக்கு அந்த டிரைவர்கள் வைத்த பெயர் 'கம்ப்யூட்டர்'. அவனிடம் கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது என்பது வேறு விஷயம்.

தம்மாம் முதலாளியோ அவனை விடுவதாக இல்லை. விசா தயார், வருகிறாயா இல்லையா என்று இன்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குள் சொல் என்று காலையிலேயே போனில் குரல் செய்தி அனுப்பிவிட்டார். மனைவி சபியா அதைக் கேட்டாள். பரண் மேலிருந்த அவனுடைய பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தாள். நாலு வயசு மகள் மர்வா அதற்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தாள். அவனுக்குப் போக மனசே இல்லை. ஆனால் பஞ்சர் ஒட்டி எத்தனை நாள் குடும்பம் நடத்த முடியும்?

மதியம் சாப்பிட்டுக் கை கழுவும்போது போன் வந்தது. வீரமணியேதான்.

"ஏலே கம்ப்யூட்டரு, இங்கன ஒரு வண்டி காலையிலேருந்து கெடக்குது. எனக்குப் பிடிபடல. வந்து ஒரு பார்வை பாரு. உனக்கும் முடியலன்னா ராமநாதபுரத்துலேருந்து ஆளக் கூப்பிட்டுத் தூக்கிட்டுப் போகச் சொல்லிருவேன்."

எல்லா டிரைவர்களும் அங்கேதான் இருப்பார்கள். வண்டியைக் கிளப்பிவிட்டால் நாளையிலிருந்து பர்வேஸின் கடைக்கும் நாலு வண்டி வரும். கிளப்ப முடியாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தான்.

வெள்ளைக் கார். வாங்கி நாலே நாள். முன்னால் கட்டிய எலுமிச்சம்பழம் கூட இன்னும் முழுசாக வாடவில்லை. வண்டிக்காரர் பாண்டீஸ்வரன், கமுதிப் பக்கம் மிளகாய் போடுகிறவர். அப்பாவுக்குத் திதி கொடுக்க மனைவி மகேஸ்வரியோடு வந்தவர். வெயிலில் நின்று நின்று இருவரும் கருத்துப் போயிருந்தார்கள்.

"பேட்டரி நல்லாருக்கு, பிளக்கு நல்லாருக்கு, பெட்ரோலும் கெடக்கு" என்றார் வீரமணி. "சுத்துது, ஆனா பிடிக்க மாட்டேங்குது."

பர்வேஸ் பானட் பக்கமே போகவில்லை. உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருகினான். இன்ஜின் கிர்கிர்ரென்று சுற்றியது, பற்றவில்லை. மறுபடி திருகினான். அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"பானட்டத் தொறக்காமலே வைத்தியமா?" என்றான் ஒரு டிரைவர். சிரிப்பு கிளம்பியது.

அவன் பார்த்துக்கொண்டிருந்தது மீட்டருக்குப் பக்கத்தில் மினுக் மினுக்கென்று அடித்த சின்னச் சிவப்பு விளக்கை. சாவிப் படம் போட்ட விளக்கு. சாவியை உருவிக் கையில் எடுத்தான். அதன் இடுக்கிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் அவன் உள்ளங்கையில் விழுந்தது.

"சாவியில தண்ணி எப்படிண்ணே வந்துச்சு?"

"வேர்வையா இருக்கும் பாய்" என்றார் பாண்டீஸ்வரன்.

"வேர்வையாம்ல வேர்வை!" மகேஸ்வரி பொங்கிவிட்டாள். "சாவிய யாரையும் நம்பிக் குடுக்க மாட்டாக தம்பி. மடியில முடிஞ்சுக்கிட்டே கடல்லயும் முங்கி, கோயில்ல இருபத்திரண்டு கிணத்துத் தண்ணியையும் ஊத்திக்கிட்டாக."

"புது வண்டி. யாரை நம்பிக் குடுக்குறது?" என்றார் அவர் சுருதி இறங்கி.

பர்வேஸ் சாவியின் மூடியை நெம்பித் திறந்தான். உள்ளே பார்த்ததும் அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒரு சின்னக் குழி காலியாக இருந்தது.

"இதுக்கு முன்னாடி இதைப் பிரிச்சது யாரு?"

பாண்டீஸ்வரன் கோபுரத்தைப் பார்த்தார். "காய வைக்கலாம்னு... இவ ஊக்க வாங்கி... சும்மா லேசாத்தான் பிரிச்சேன்."

"இதுக்குள்ள கறுப்பா ஒரு சில்லு இருக்கும்ணே, உளுந்து தண்டி. அது இருந்தாத்தான் வண்டிக்கு இது தன் சாவின்னு தெரியும். இல்லாட்டி வந்தவன் திருடன்னு நெனச்சு இன்ஜினுக்குப் பெட்ரோலை விடாது."

"அப்ப என் வண்டி காலையிலேருந்து என்னையத் திருடன்னா நெனச்சுக்கிட்டு இருக்கு?"

பார்க்கிங்கே சிரித்தது. ஆனால் பர்வேஸால் சிரிக்க முடியவில்லை. நோயைக் கண்டுபிடித்தாயிற்று; மருந்தைக் காணோமே. இன்னொரு சாவி கமுதியில், பீரோவுக்குள். சாவியை எதன் மேல் வைத்துப் பிரித்தீர்கள் என்று கேட்டான். அவிழ்த்துப் போட்ட ஈர வேட்டி மேல் என்று பதில் வந்தது. நல்லவேளையாக வேட்டி டிக்கியில், பிளாஸ்டிக் பைக்குள் சுருட்டியபடி கிடந்தது.

விரித்தால், வேட்டி முழுக்கக் கறுப்பு. திதி கொடுத்த எள் கரையிலும் மடிப்பிலும் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது, கூடவே கடல் மணல். வீரமணி, நாலு டிரைவர்கள், பர்வேஸ் என்று எல்லாரும் குந்தி உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தார்கள். பர்வேஸின் சட்டைப் பையில் போன் இரண்டு தடவை துடித்தது. அவன் எடுக்கவில்லை. தூரத்துப் பள்ளிவாசலில் அஸர் பாங்கு கேட்டது.

மகேஸ்வரி கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஆண்களை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள். களத்தில் மிளகாய் வற்றலில் சொத்தை பொறுக்கும் கை அது. வேட்டிக் கரையை இரண்டு விரலால் வரிசையாகத் தடவிக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"எள்ளுக்கு ஏது மூலை?" என்று ஒன்றைக் கிள்ளி எடுத்து நீட்டினாள்.

அதேதான். பர்வேஸ் அதை ஊதித் துடைத்துக் குழியில் பொருத்தி, மூடியை அமுக்கி, பிஸ்மில்லா சொல்லிச் சாவியைத் திருகினான். சிவப்பு விளக்கு அணைந்தது. இன்ஜின் ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. பாண்டீஸ்வரன் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்ததும் வீரமணி அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

"ஏலே, தினமும் எத்தனை பேரு சாவிய மடியில வச்சுக்கிட்டு அந்தக் கிணறுகள்ல குளிக்குறாங்கன்னு நெனைக்குறே? இந்த மாதிரி வண்டிகளை எனக்குப் புரியாம ராமநாதபுரத்துக்கு இழுத்துட்டுப் போக விட்ருக்கேன். இனிமே எல்லாத்தையும் உன்கிட்ட அனுப்புறேன்."

பர்வேஸ் போனை எடுத்தான். தம்மாம் முதலாளிக்கு, மன்னிக்கணும், வரவில்லை என்று ஒரே வரி அனுப்பினான். அதற்குக் கீழே சபியாவின் செய்தி காத்திருந்தது: பெட்டியில் என்னென்ன வைக்க வேண்டும் என்று கேட்டிருந்தாள்.

அவன் வீட்டுக்குப் போன் போட்டான்.

"மர்வா இன்னும் பெட்டிக்குள்ளதான் இருக்காளா?"

"ஆமா. எறங்க மாட்டேங்குறா."

"எறக்க வேணாம், அவ பொம்மையையும் எடுத்து உள்ள போடு. நான் நகரை மீன் வாங்கிட்டு வாரேன்."