தோளில் பூசிய வாசலின்

சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து சுரங்கத்திலிருந்து மேலே வந்தபோது மணி பன்னிரண்டு. மூன்று மணிக்கு மேட்ச். இமையில் ஒட்டின கரி போகவில்லை. போகாது, பதினோரு வருஷமாக அப்படித்தான் ஆடுகிறேன். ரக்பி லீக்கில் முன்வரிசைக்காரன் நான். அந்த இடம் எனக்குத்தான் என்பதில் எங்கள் ஊரில் யாருக்கும் சந்தேகமில்லை, கோச் பாராக்ளோவைத் தவிர.

வியாழக்கிழமையே சொல்லிவிட்டார். "க்ளெம், உனக்கு முப்பத்தி நாலு ஆச்சு. சனிக்கிழமை பாக்குறேன். சரியில்லன்னா அடுத்த சீசனுக்கு உனக்கு ஒப்பந்தம் கெடையாது."

"பேனாவுல மை ஊத்தி வைங்க கோச்" என்றேன்.

அந்தத் திமிரில்தான் தப்புப் பண்ணினேன். எதிராளி பிடித்தால் வழுக்கட்டும் என்று காதிலும் முட்டியிலும் எல்லாரும் கொஞ்சம் வாசலின் தடவுவோம். நான் ஒரு டப்பாவையே காலி பண்ணி, சட்டைத் தோள் முழுக்கப் பூசிக்கொண்டேன். முதல் ஓட்டத்தில் எதிரணி லங்காஷயர்க்காரன் மூணு பேர் என்மேல் பாய்ந்து வெறுங்கையோடு எழுந்தான்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு ஸ்க்ரம் வந்தது. ஆறு பேரும் ஆறு பேரும் தலை கோத்து முட்டித் தள்ளுவது. எங்கள் நடு ஆள் டார்டாஃப், என் தோளிலும் மறுபக்கம் நிற்கும் எங்கள் ஆள் தோளிலும் கைபோட்டுத் தொங்கினால்தான் காலை வீசிப் பந்தைப் பின்னால் இழுக்க முடியும். தொங்கினான். வழுக்கிச் சேற்றில் மூக்குக் குத்த விழுந்தான். பந்து அவர்களிடம் போனது, கொஞ்ச நேரத்தில் எங்கள் எல்லைக் கோட்டைத் தாண்டி அவர்களுக்குப் பாயிண்டும் ஆனது.

"எருமை! தோளாடா இது? விலாங்கு மீன் மாதிரி இருக்கு!" டார்டாஃப் சேற்றைத் துப்பினான்.

எதிர்வரிசைக்காரன் சிரித்தான். "தாத்தாவுக்கு மூட்டுவலித் தைலம் தேச்சு அனுப்பிருக்காங்கடா!"

அடுத்த ஸ்க்ரமும் போனது. கோச் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தார். மாற்றிக்கொள்ள வேறு சட்டை கிடையாது. ஒரே ஓட்டமாக ஓரத்துக்குப் போனேன். மைதானத்தைச் சுற்றி நறநறவென்று நிலக்கரிச் சாம்பல் கொட்டின பாதை. அதில் மல்லாக்கப் படுத்து எருமை மாதிரியே புரண்டேன்.

"என்னய்யா பண்றே?" நடுவர் கத்தினார்.

"முதுகு அரிக்குது சார்."

கடைசி இரண்டு நிமிஷம். இரண்டு பாயிண்ட் பின்தங்கியிருந்தோம். அவர்கள் எல்லைக் கோட்டுக்குப் பத்து கஜத்தில் ஸ்க்ரம். டார்டாஃப் கைபோட்டதும் வாசலினில் ஒட்டின சாம்பல் என் கழுத்தெலும்பில் குத்தி இறங்கியது.

"இப்பதாண்டா தோள் மாதிரி இருக்கு" என்றான்.

"பேசாம தொங்குடா."

நான் அசையவில்லை. பந்து பின்னால் வந்தது. எங்கள் குள்ளன் டின்ஸ்டேல் அதை அள்ளிக்கொண்டு கோட்டுக்கு அப்பால் பாய்ந்து தரையில் ஊன்றினான். மூணு பாயிண்ட். ஜெயித்தோம்.

ஆட்டக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து குளிக்கும் பொதுத் தொட்டியில் கழுத்தளவு வெந்நீரில் கிடந்தபோது கோச் ஒப்பந்தக் காகிதத்தோடு வந்தார்.

"மொதல்ல அந்த டப்பாவைக் குடு."

"காலி, கோச்."

"ஒன் மண்டை மாதிரியா?" என்று பேனாவை நீட்டினார். ஈரக்கையோடு கையெழுத்துப் போட்டேன்.

கழுத்தோரத்துக் காயம் சாம்பலை உள்ளே வைத்து நீலமாக ஆறியது. சுரங்கத்தில் கரித்தூள் ஏறி வாங்கின நீலத் தழும்புகளோடு அதுவும் சேர்ந்துகொண்டது. அடுத்த மூன்று சீசனும் டார்டாஃப் அதே இடத்தைத்தான் பிடித்துத் தொங்கினான்.