பரங்கிக்காய் பீர்

மார்லிஸ் குச்சி முனையிலிருந்த பஞ்சைத் தண்ணீரில் நனைத்துக் கணவரின் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தாள். கை டுவேனின் வாயருகே இருந்ததே தவிர காது நிலவறையில் இருந்தது. கீழே மகன் கர்ட்டிஸ் பீர் புட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடியும் கண்ணாடியும் இடித்துக்கொள்ளும் சத்தம் வருகிறவரை அவளுக்குக் கவலையில்லை. கழுவிக்கொண்டிருக்கிற கைக்குக் குடிக்க ஒழியாது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

சாப்பாட்டு மேசையைச் சுவரோரம் தள்ளிவிட்டு அந்த இடத்தில் டுவேனுக்குக் கட்டில் போட்டிருந்தார்கள். கட்டில் வந்தபோது ஜன்னலுக்கு வெளியே மேப்பிள் மரம் சிவந்து நின்றது. இப்போது மொட்டையாக நிற்கிறது. கணையத்தில் பிடித்த புற்று எங்கெங்கோ பரவிவிட்டது. இனி ஊசியும் மருந்தும் வலிக்குத்தான், வியாதிக்கு இல்லை என்று டாக்டர் கையை விரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அப்படிப்பட்ட மனிதருக்கு முந்தின நாள் வந்த கவலையைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. கண்ணைத் திறந்ததும் டுவேன் கேட்டது பீரைப் பற்றித்தான்.

"இன்னும் புட்டியில அடைக்கலையா? இப்ப அடைச்சாத்தான் தேங்க்ஸ்கிவிங்குக்குள்ள நுரை கட்டும்."

"நுரைதான் இப்ப முக்கியமா? நான் போய் எல்லாத்தையும் சாக்கடையில ஊத்திட்டு வந்துடறேன். விட்டுது தொல்லை."

"ஊத்துவ, ஊத்துவ. அதனாலதான் உன்கிட்ட சொல்லல. கர்ட்டிஸ் செய்யட்டும்."

"அவன் கையிலயா? உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா டுவேன்?"

"குடிக்கவா சொன்னேன்? அடைக்கத்தானே சொன்னேன்." மூச்சு வாங்கியது. கொஞ்சம் பொறுத்து மறுபடி ஆரம்பித்தார். "புட்டியைப் பார்த்தே நடுங்கறவன் எப்படி நாலு பேரோட புழங்குவான்? நான் போன பிறகு எல்லா வீட்டுலயும் பீர் இருக்கத்தான் செய்யும்."

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த கர்ட்டிஸ், "நான் பாத்துக்கறேன்ப்பா" என்றான். மார்லிஸ் அவனை முறைத்தாள். அவன் அப்பாவின் காலடிப் போர்வையைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டான்.

அந்தப் பீர்மேல் அவளுக்கு இருந்த கோபம் இன்று நேற்று வந்ததல்ல. ஒவ்வொரு அக்டோபரிலும் டுவேன் பரங்கிக்காயைப் பிளந்து, ஓரம் கருகுகிறவரை அடுப்பில் சுட்டு, முளைகட்டிய பார்லி மால்ட்டோடு பெரிய அண்டாவில் கொதிக்கவைப்பார். பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், இஞ்சி எல்லாம் போவதற்குள் வீட்டுத் திரைச்சீலைகூட மணக்க ஆரம்பித்துவிடும். இந்த வருஷமும் கட்டிலில் விழுவதற்கு முன்பே காய்ச்சி நிலவறையில் வைத்துவிட்டார். மான் வேட்டைக்குப் போகிறவர்கள், பால் பண்ணைக்காரர்கள், பாஸ்டர் உட்பட எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் விருந்தன்று வான்கோழியை அறுக்குமுன் முதல் புட்டி திறக்கப்படும். கர்ட்டிஸுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஒரு வருஷம், கோப்பையின் நுரையை டுவேன் பையனின் உதட்டில் வைத்தார். நுரை மீசையோடு பையன் இன்னும் வேண்டும் என்று கேட்க, மேசையே சிரித்தது. மார்லிஸும் சிரித்தாள்.

பிறகு சிரிக்க ஒன்றுமில்லை. வளர்ந்த கர்ட்டிஸ் சீஸ் ஆலை வேலையைக் குடித்தான், கட்டின மனைவியைக் குடித்தான், கடைசியில் ஒரு பிப்ரவரி இரவு வண்டியைப் பள்ளத்தில் விட்டுவிட்டு அதற்குள்ளேயே தூங்கிப்போனான். காலையில் பனி அள்ளும் வண்டிக்காரன் கண்டெடுத்தபோது உயிர் இருந்தது, வலது கால் விரல்களில் இரண்டு உறைபனியில் போய்விட்டன. அன்றோடு குடியை விட்டான். செவ்வாய்க்கிழமை தவறாமல் தன்னைப்போல் விட்டவர்களோடு சர்ச்சில் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறான். அப்பாவைத் தூக்குவது, குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது எல்லாம் அவன்தான். அவன் கைப்பக்குவம் வீட்டுக்கு வந்துபோகும் நர்ஸ் பெவ்வுக்கே வராது.

புட்டியையும் மூடியையும் கண்டு மார்லிஸ் பயப்படவில்லை. அவள் பயமெல்லாம் டியூப்பைப் பற்றித்தான். பெரிய கண்ணாடிக் குடுவையில் புளித்துத் தெளிந்து நிற்கும் பீரை, சர்க்கரைப் பாகு ஊற்றிய வாளிக்கு மாற்றவேண்டும். குடுவையைச் சாய்த்தால் அடிமண்டி கலங்கிவிடும் என்பதால் ரப்பர் டியூப்பை உள்ளே விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சுவார் டுவேன். வாய் நிறையும். அதை விழுங்கிவிட்டு, "பாஸ்டரோட பிரசங்கத்தைவிட இது தேவலை" என்று வருஷா வருஷம் அதே ஜோக்கைச் சொல்லி, டியூப்பை வாளிக்குள் போடுவார். இதைத் தவிர வேறு வழி இருப்பதாக மார்லிஸ் கேள்விப்பட்டதே இல்லை.

காலையில் மகனிடம் கேட்டும் பார்த்தாள். "நான் வந்து உறிஞ்சிக் குடுக்கறேன்டா. வாயில பட்டதைத் துப்பிடறேன்."

"வேண்டாம்மா. என்கிட்ட வேற வழி இருக்கு."

"என்ன வழி?"

"உனக்கு எதுக்கு அது? நீ அப்பாவைப் பாரு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். குடித்துக்கொண்டிருந்த காலத்திலும் அவன் சிரித்துக்கொண்டுதான் சொல்வான்.

கழுவும் சத்தம் நின்றது. ஒரு கால் அழுந்த, ஒரு கால் இழுபட, அவன் படியேறி வருவது கேட்டது. சமையலறைக்குப் போய் ஆறவைத்திருந்த பாகை எடுத்துக்கொண்டு கட்டிலருகே வந்து நின்றான்.

"அப்பா மூச்சு மாறியிருக்கே."

"காலையிலேர்ந்து அப்படித்தான் இருக்கு."

"இல்லம்மா, நடுவுல நின்னு நின்னு வருது பாரு." பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டே குனிந்து அப்பாவின் நெற்றியில் உதட்டை வைத்தான். "பீரை வாளிக்கு மாத்திட்டு ஓடி வந்துடறேன். அதுக்குள்ள ஏதாவதுன்னா ஒரு குரல் குடு. போட்டது போட்டபடி வந்துடுவேன். நான் பக்கத்துல இருக்கணும்மா."

"குடுக்கறேன் போ."

அவன் இறங்கிப் போனான். வாளி நகர்ந்த சத்தம், பாகு ஊற்றிய சத்தம் எல்லாம் வரிசையாக வந்தன. குழாய்த் தண்ணீர் கொஞ்சம் ஓடி நின்றது. அதற்குப் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

மார்லிஸ் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டுவேன் ஒரு மூச்சை இழுத்தார். அடுத்தது வர வெகு நேரமாயிற்று. இங்கே கவனம் இருந்திருந்தால் அது எவ்வளவு நேரம் என்று அவளுக்கு உறைத்திருக்கும். கீழே இருந்த மௌனம்தான் அவள் காதை அடைத்திருந்தது. இப்போது டியூப் அவன் வாயில் இருக்கிறது, வாய் நிறைந்திருக்கிறது, விழுங்கிவிட்டான் என்று ஒவ்வொன்றாக அவள் கண்ணுக்குத் தெரிந்தது. அப்பன் தொடங்கிவைத்ததை அப்பனே முடித்துவைத்துவிட்டுப் போகப் பார்க்கிறாரே என்று வயிறு எரிந்தது. பிடித்திருந்த கையைப் போர்வைமேல் வைத்தாள்.

"இதோ வந்துட்டேன் டுவேன்."

படியில் செருப்புச் சத்தம் கேட்காமல் இறங்கினாள். அப்படி இறங்கியதை நினைத்துப் பின்னால் வெட்கப்பட்டாள்.

கர்ட்டிஸ் குடுவைக்கு முன்னால் மண்டியிட்டிருந்தான். கையில் டியூப் இருந்தது. சட்டை முன்பக்கமும் தாடியும் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தன. தரையில் பழுப்பாகப் பீர் சிதறியிருந்தது.

"என்னடா செஞ்ச?"

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். "பரங்கிச் சதை வந்து டியூப்ல அடைச்சிக்கிச்சும்மா. புடுங்கினேன், மூஞ்சியில அடிச்சிது."

"வாயில வெச்சியா?"

"வைக்கல. டியூப்ல தண்ணியை ரொப்பிட்டு உள்ள விட்டா அதுவே இழுத்துக்கும். வாயே வைக்கவேண்டாம். இதுதான் நான் சொன்ன வழி."

அவள் காதில் அது ஏறவில்லை. நெருங்கிப் போய் அவன் தாடையைப் பிடித்தாள். "ஊது."

"அம்மா."

"ஊதுடா!"

முப்பத்து நான்கு வயது ஆண்பிள்ளை மண்டியிட்டபடியே அம்மாவின் மூக்குக்கு நேரே ஊதினான். "ஷெரிஃப்கூட இவ்ளோ கிட்ட வந்து மோந்து பாத்ததில்ல" என்றான். சிரிக்கப் பார்த்தான், குரல் ஒத்துழைக்கவில்லை.

கிராம்பும் பட்டையும் புளித்த மால்ட்டும் மணந்தன. அவன் தாடியில் அதே வாசனை. சட்டையில், வாளியில், தரையில், அவன் தாடையைப் பிடித்ததால் ஈரமான அவள் விரல்களிலும் அதே வாசனை. அவன் மூச்சில் இருப்பது எது, நிலவறையில் இருப்பது எது என்று அவளால் பிரிக்க முடியவில்லை. இன்னும் கிட்டப் போய் மோந்தாள்.

கர்ட்டிஸின் முகம் திடீரென்று மாறியது.

"அம்மா, அப்பாகிட்ட யார் இருக்கா?"

அவன் அவளைத் தள்ளிக்கொண்டு எழுந்து, டியூப்பை அப்படியே போட்டுவிட்டு, ஊனமான காலோடு இரண்டிரண்டு படியாக ஏறினான். அவள் பின்னால் ஓடினாள்.

டுவேன் அவள் விட்டுப்போன மாதிரியே படுத்திருந்தார். கை போர்வைமேல் அவள் வைத்த இடத்திலேயே இருந்தது. வாய் மட்டும் இன்னும் கொஞ்சம் திறந்திருந்தது. அடுத்த மூச்சு வருமென்று இருவரும் நின்றார்கள். வரவில்லை. கர்ட்டிஸ் அப்பாவின் மார்பில் காதை வைத்துப் பார்த்தான். நனைந்த தாடியின் ஈரம் அவர் சட்டையில் பட்டது.

"குரல் குடுக்கறேன்னு சொன்னியேம்மா" என்றான். குற்றம் சாட்டுகிற குரல் அல்ல அது. வழி தவறின குழந்தை கேட்பதுபோல் இருந்தது. அப்படிக் கேட்டதைவிட அவன் கத்தியிருந்தால் அவளுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

பெவ் வந்தாள். நாடி பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டாள். மிச்சமிருந்த மார்ஃபினைச் சமையலறைக்கு எடுத்துப்போய், காப்பி போட்ட சக்கையில் ஊற்றிக் கிளறி, யாரும் எடுக்க முடியாதபடி பையில் கட்டினாள். நெடு நாள் பழகிய கை. அவள் மூக்கு ஒருமுறை விடைத்ததையும், கர்ட்டிஸின் சட்டையை அவள் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டதையும் மார்லிஸ் கவனித்தாள்.

"கடைசி நேரத்துல ரெண்டு பேரும் பக்கத்துல இருந்தீங்களா?"

மார்லிஸ் வாய் திறப்பதற்குள் மகன் முந்திக்கொண்டான்.

"இல்ல. பீர் அடைச்சிட்டிருந்தேன், டியூப் அடைச்சிக்கிச்சு. ஒரு கை பிடின்னு நான்தான் அம்மாவைக் கூப்பிட்டேன்."

பெவ் தலையை ஆட்டினாள். "நிறைய பேர் அப்படித்தான் போறாங்க. எல்லாரும் அந்தப் பக்கம் போகட்டும்னு காத்திருந்து போவாங்க. மனசுல வெச்சிக்காதீங்க."

டுவேன் ஆள் நகர்ந்தால் போகலாம் என்று காத்திருக்கிற ரகமே அல்ல. வீட்டில் யாராவது ஓர் அறையை விட்டு எழுந்து போனால், என்ன அவசரம் என்று கேட்கிற மனிதர். மார்லிஸ் தன் குற்றத்தை மகன் சுமந்துகொண்டு நிற்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிணத்தை எடுத்துப்போக இரண்டு பேர் வந்தார்கள். வாசல் குறுகல் என்பதால் தள்ளுவண்டியைக் கொஞ்சம் சாய்க்க வேண்டியிருந்தது. "மெதுவா, மெதுவா, தலைப்பக்கம் பிடிங்க" என்று கர்ட்டிஸ் கூடவே போனான். கார் திரும்பிப் போன பிறகும் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, நேராக நிலவறைக் கதவுக்கு வந்தான்.

"எங்கடா போற?"

"பாதியில விட்டா காத்துப் பட்டுக் கெட்டுடும்."

"கொட்டிடு கர்ட்டிஸ். யாருக்கு இனிமே?"

"அப்பா கேட்டாரும்மா. அதுவாவது ஒழுங்கா நடக்கட்டும்."

கதவைத் திறந்தே விட்டுவிட்டு இறங்கினான். கொஞ்ச நேரத்தில் மூடி அமுக்கும் கருவியின் சத்தம் வந்தது. இரும்புக் கை இறங்கும், புட்டி முனகும், அடுத்த புட்டி. மார்லிஸ் வெறுங்கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள். தலையணையில் இன்னும் பள்ளம் இருந்தது. அதைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது.

சத்தம் நின்றது.

முடிந்திருக்கும் என்று நினைத்தாள். முடிந்திருந்தால் வாளி கழுவுகிற சத்தம் வரவேண்டும். அது வரவில்லை. அவள் எழுந்தாள், இரண்டடி வைத்தாள், திறந்திருந்த கதவைப் பார்த்தாள். கீழே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அப்பா போன துக்கம், அம்மா மோந்து பார்த்த அவமானம், கைக்கெட்டும் தூரத்தில் பீர். குடிக்க இதைவிட வேறு காரணம் எவனுக்கு வேண்டும்? இறங்கிப் போய்ப் பார்க்கவேண்டும் என்று உடம்பு முழுவதும் துடித்தது. அவள் திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். கீழே ஒருமுறை மூக்கை உறிஞ்சுவதுபோல் கேட்டது. அழுகையாக இருக்கலாம், வேறெதுவாகவும் இருக்கலாம். அவள் அசையவில்லை.

அறை நன்றாக இருட்டிய பிறகு படியில் அந்தக் கால் இழுபடும் ஓசை வந்தது. கர்ட்டிஸ் விளக்கைப் போடவில்லை. ஈரச் சட்டையோடு அவள் எதிரில் வந்து நின்றான்.

"முடிஞ்சிதும்மா" என்றான்.

பிறகு அவள் கேட்காமலே குனிந்து, முகத்தை அவள் முகத்துக்கு நேரே கொண்டுவந்து, வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான்.

மார்லிஸ் அவன் தலையை இரண்டு கைகளாலும் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவன் நிமிர்கிறவரை அவள் மூச்சை உள்ளே இழுக்கவே இல்லை.