மேக அனுமதி அலுவலகத்தில் ஆயுத பூஜை

சகல ஜனங்களுக்கும், அவர்தம் குடும்பத்தாருக்கும், வானத்துக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: மேக அனுமதித் துறையின் மாவட்ட அலுவலகம், ஆயுத பூஜையை முன்னிட்டு, உயர்திரு இணை இயக்குநர் பட்டாபிராமன் அவர்களின் திருக்கரத்தால் ஒளியூட்டப்படும். இந்த மாவட்டத்தின் சரித்திரம் அன்றோடு இரண்டாகப் பிரியும். பொரி வழங்கப்படும்.

பொரி என்றதும் உலகநாதன் மனைவி, மகளோடு கிளம்பிவிட்டார்.

அந்த அலுவலகத்தில் அவர் முதுநிலை உதவியாளர். மாவட்டத்தின் மேலே போகும் மேகங்களை ஜன்னல் வழியாகப் பார்த்து, போகலாம் என்று தலையசைக்க வேண்டும். பல மேகங்கள் அவசரக்காரர்கள். அவர் நிமிர்வதற்குள் போய்விடும். போன திசையைப் பார்த்துத் தலையசைத்து வைப்பார். சாயங்காலம் கழுத்து வலி என்று வீட்டில் வந்து படுத்துக்கொள்வார். மனைவி செண்பகவல்லி தைலம் தேய்த்துவிடுவாள்.

விழாவுக்கு வாங்கிய சீரியல் பல்பு கட்டடத்தைவிட நீளம். வெட்டினால் கெட்டுவிடும் என்று எலக்ட்ரீஷியன் சொன்னதால் கட்டடத்தை நீட்டியிருந்தார்கள். வாசலிலிருந்து நடந்து உலகநாதனின் மேஜைக்குப் போவதற்குள் மகள் நித்திலாவுக்குச் செருப்பு சிறியதாகிவிட்டது. நல்லவேளையாக, வராந்தாவின் நடுவில் ஒருவர் செருப்புக்கடை போட்டிருந்தார். புதுச் செருப்போடு போய்ச் சேர்ந்தார்கள்.

பட்டாபிராமன் மேடையேறிச் சுவிட்சைத் தட்டினார். கைதட்டினார்கள். ஒரு பல்பும் எரியவில்லை. மறுபடி தட்டினார். மறுபடி கைதட்டினார்கள்.

"சுவிட்சுல ஒண்ணுமில்ல சார்," என்றாள் பியூன் அங்கம்மா. சந்தனக் கிண்ணமும் குங்குமமும் வைத்த தட்டு அவள் கையில் இருந்தது. "பொட்டு வச்சாத்தான் எரியும்."

"எதுக்கு வைக்கணும்?"

"வேலை செய்யுறதுக்கு."

கொல்லைப்புறக் குழாய் எப்போதும் சொட்டிக்கொண்டே இருக்கும். அதற்குப் பொட்டு வைத்தாள். குழாய் எரிந்தது. குப்பைக்கூடை பச்சையாக எரிந்தது. வாசல் நாய் மஞ்சளாக எரிந்து, கொஞ்சம் வெட்கப்பட்டது. நின்றுபோன சுவர்க்கடிகாரத்தை அவள் திரும்பியும் பார்க்கவில்லை. சீரியல் பல்புகள் மட்டும் இன்னும் இருட்டாகவே இருந்தன.

பட்டாபிராமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, நெற்றியை முன்னால் நீட்டினார். அங்கம்மா அதைத் தர்பூசணிப் பழத்தைப் போலத் தட்டிப் பார்த்தாள்.

"சார், கொஞ்சம் தள்ளிக்கங்க."

அவருக்குப் பின்னால் சுவரில் அவர் கோட்டு தொங்கிய ஆணிக்குப் பொட்டு வைத்தாள். ஆணி எரிந்தது.

"சார் கோட்ட அதுதானே தாங்குது."

"இது ஆய்வுக்குரிய விஷயம்," என்று பட்டாபிராமன் ஆணி வெளிச்சத்தில் உரையைத் தொடங்கினார்.

நித்திலா அப்பாவின் சட்டையை இழுத்தாள். "அப்பா, உங்களுக்கும் வைப்பாங்கல்ல?"

"பின்னே?"

பின்னே என்று சொல்லிவிட்டாரே தவிர, உலகநாதனுக்கு அது நிச்சயமில்லை. வீட்டில் முதல் தோசை அவருக்கு. மின்விசிறி அவர் பக்கம். ஞாயிற்றுக்கிழமை யாரும் அவரை எழுப்புவதில்லை. உழைத்துக் களைத்து வருகிறவர் என்று பெயர். எல்லாம் இப்போது அந்த ஒரு பொட்டை நம்பி நின்றது.

அங்கம்மா நெருங்கினாள். உலகநாதன் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பினார். அதிர்ஷ்டவசமாக ஒரு மேகம் நின்றிருந்தது. போகலாம் என்று தலையசைத்தார். அது நகரவில்லை. பலமாக அசைத்தார்.

"அப்பா, அது போகலியே."

"பரிசீலனையில இருக்கும்மா."

"சார், தலைய ஆட்டாதீங்க. குங்குமம் சிந்துது," என்றாள் அங்கம்மா. சொல்லிக்கொண்டே அவர் தோளைத் தாண்டிக் கையை நீட்டி, செண்பகவல்லியின் நெற்றியில் பொட்டு வைத்தாள்.

செண்பகவல்லி எரிந்தாள். அவளிடமிருந்து தொடங்கி, நீட்டிய கட்டடத்தின் கடைசி வரைக்கும் அத்தனை பல்புகளும் வரிசையாக எரிந்தன.

"ஐய, நான் இங்க வேலை பாக்கலியேக்கா."

"இங்கன்னு யாரு சொன்னா? வேலை செய்யுறதுக்குன்னுதான சொன்னேன்."

பிள்ளைகள் வராந்தாவில் ஓடினார்கள். நாயும் ஒளிர்ந்துகொண்டே ஓடியது. செண்பகவல்லி பொரியில் கடலையைப் பொறுக்கித் தின்றுகொண்டு அமைதியாக எரிந்தாள்.

"அம்மா, இந்தப் பக்கம் திரும்பு. பொட்டுக்கடலை எங்க இருக்குன்னு தெரியல," என்றாள் நித்திலா. செண்பகவல்லி திரும்பினாள்.

உலகநாதன் வருத்தப்படத் தயாராகத்தான் இருந்தார். ஆனால் அந்த வெளிச்சம் இதமாக இருந்தது. மனைவிக்கு மூக்குத்தி இடது பக்கம் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. நன்றாகத்தான் இருந்தது. இன்னொரு பிடி பொரி வாங்கிக்கொண்டார்.

"ஒண்ணு சொல்லிர்றேன் சார்," என்றாள் அங்கம்மா. "பூஜையில வச்சதுகிட்ட ரெண்டு நாளைக்கு வேலை வாங்கக் கூடாது. வாங்கினா அணைஞ்சிரும். மொத்த லைனும் போயிரும்."

பட்டாபிராமன் மேடையிலிருந்து இறங்கி வந்து உலகநாதனின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. "உலகநாதன், சரித்திரம் உங்கள் வீட்டு அடுப்படியில் நிற்கிறது."

"தெரியுது சார்."

"இந்த அலுவலகம் ஒருபோதும் உங்களிடம் எதையும் கேட்டதில்லை."

"அதுவும் தெரியுது சார்."

திரும்பும்போது செண்பகவல்லி ஆட்டோவில் முன்னால் பார்த்து உட்கார்ந்தாள். ஆட்டோக்காரர் ஹெட்லைட்டை அணைத்துவிட்டு, அவள் வெளிச்சத்திலேயே ஓட்டினார். எதிரில் வந்தவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒதுங்கினார்கள். நித்திலா எல்லாருக்கும் கையசைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் செண்பகவல்லி சோபாவில் கால் நீட்டிக்கொண்டாள். உலகநாதன் அடுப்படிக்குள் நுழைந்தார். முதல் முறையாகத் தன்னை நம்பி ஒரு மாவட்டம் இருக்கிறது என்ற எண்ணத்தில் அவருக்கு மார்பு விம்மியது. வேட்டியை மடித்துக் கட்டினார்.

"ரவை எந்த டப்பாவுல இருக்கு?"

"கேக்காதீங்க. பதில் சொல்றதும் வேலைதான்."

"கடுகு?"

அவள் லேசாக மங்கினாள். அலுவலகத்தில் பல்புகள் ஒரு தடவை சிமிட்டியதாகப் பட்டாபிராமன் பதறிப்போய் ஃபோன் செய்தார். உலகநாதன் அதற்குமேல் எதையும் கேட்கவில்லை. தானே தேடினார். தானே வறுத்தார். தானே கிண்டினார். வெங்காயம் வெட்டி அழுதார். ஜன்னலுக்கு வெளியே ஒரு மேகம் யாரையும் கேட்காமல் போனது. அதை அவர் கவனிக்கவில்லை. மூன்று தட்டுகளில் பரிமாறி, மனைவியின் வெளிச்சத்தில் மகளோடு சேர்ந்து உட்கார்ந்தார்.

உப்புமாவில் உப்பு இல்லை.